கொக்கோவில் மருந்து வாடை

எங்கள் வீட்டில் சளிக்கென்றே ஓர் அலமாரி இருந்தது. அடுப்புக்கு மேலே, புகையேறிக் கறுத்துப்போன மர அலமாரி. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கிராம்பு; ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. கடைசித் தட்டின் மூலையில், ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினால்தான் மூடி திறக்கும் தகர டப்பாவில் கேட்பரி கொக்கோ. மருந்தெல்லாம் ஆச்சி பொறுப்பு, கொக்கோ அம்மா பொறுப்பு என்று பேச்சு. ஆனால் அலமாரிச் சாவி ஆச்சியின் இடுப்பில்தான் இருந்தது. ஆகவே எங்களுக்கு எப்போது சளி பிடிக்க வேண்டும், எப்போது கொக்கோ கிடைக்க வேண்டும் என்ற இரண்டையும் ஆச்சியே முடிவு செய்தாள்.

இது 1970-களின் ஊட்டி. சரியாகச் சொன்னால் ஊட்டிக்குக் கொஞ்சம் வெளியே, இந்து நகர். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1960-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். 1967-ல் உற்பத்தி ஆரம்பமானது. ஃபிலிமுக்குத் தூசி ஆகாது, வெக்கை ஆகாது. அதனால் மலைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். எங்களுக்குக் குளிர் ஆகாது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா தென்காசிப் பக்கத்து ஆள். குற்றாலச் சாரலைத்தான் உலகத்துக் குளிர் என்று நம்பி வளர்ந்த குடும்பம், வேலை உத்தரவு வந்ததும் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஓர் ஆச்சியுமாக மலையேறியது.

டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவாக அமைந்துவிட்டால் மறுநாள் உறைபனிதான். ரேஸ் கோர்ஸ், தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் பள்ளங்களில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். கொடியில் மறந்து விட்டுவிட்ட துண்டு காலையில் மடங்க மறுக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் தலைக்கு எண்ணெய். சீகை விறகைக் கரியாக்கி இரும்புச் சட்டியில் அள்ளி வந்து கூடத்தில் வைப்பார்கள்; முகம் வேகும், முதுகு விறைக்கும். இது போதாதென்று இயற்பியல் வேறு சதி செய்தது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ‘கொதிக்கக் கொதிக்க’ ஊற்றிக் கொடுத்தாலும் சமவெளிச் சூடு அதில் இருக்காது. டம்ளரைக் கையில் வாங்கி, கம்பளிக்குள் இடம் பார்த்து உட்காருவதற்குள் பாதி ஆறியிருக்கும். அந்த வீட்டில் எவரும் எதையும் ஆற்றிக் குடித்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் பிறந்ததும் கஷாயப் பருவம் தொடங்கும். தும்ம வேண்டும் என்ற அவசியமில்லை. தும்முவதுபோல முகத்தை வைத்துக்கொண்டாலே போதும். சுக்கை அம்மியில் நச்சென்று தட்டும் சத்தம் கேட்டால் நானும் தம்பியும் வீட்டுப்பாடத்தில் மூழ்கிவிடுவோம். பலிக்காது. “ஏட்டி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு. நாக்குல நிக்க விடாத” என்பாள் ஆச்சி. நாக்கில் நிற்காமல் அது நேரே போய்த் தொண்டையில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு துண்டு கருப்பட்டி கையில் வைக்கப்படும். லஞ்சம் என்பது குற்றத்துக்கு முன்பு தரப்படுவது, நஷ்டஈடு என்பது பின்பு தரப்படுவது என்ற வித்தியாசம் எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது.

கொக்கோ ஞாயிறு சாயங்காலத்துக்கு மட்டும். பால் பொங்கி வரும்போது அம்மா மேலே கொக்கோத்தூளைத் தூவி, சீனி போட்டு, கரண்டியால் ஒரு சுற்று சுற்றி இறக்குவாள். பால் என்று நான் சொல்வதில் பாதி தண்ணீர். அம்மா சேர்த்தது அந்தப் பாதி. பால்காரர் ஏற்கெனவே சேர்த்திருந்ததைக் கணக்கிடவில்லை. டம்ளரின் மேலே சின்னச் சின்ன உருண்டைகள் மிதக்கும். நாக்கால் அண்ணத்தில் வைத்து நசுக்கினால், வெளியே ஈரம், உள்ளே நனையாத தூள். கசப்பு சட்டென்று பரவும். அந்த உருண்டைகளுக்காகத்தான் தம்பிக்கும் எனக்கும் சண்டை. மற்றபடி அந்தப் பானத்தில் சண்டைபோட எதுவும் இல்லை.

அப்பாவுக்கு உருண்டை ஆகாது. தொழில் தர்மம். அவருக்குக் கோட்டிங் பிரிவில் வேலை. வெள்ளி உப்பைக் கலந்த ஜெலட்டின் குழம்பை ஃபிலிம் மேல் ஒரே சீராகப் பூச வேண்டும். அதையும் இருட்டில் செய்ய வேண்டும். எமல்ஷன் என்பார்கள். அதில் எங்காவது ஒரு கட்டி தட்டிவிட்டால் ரோல் குப்பைக்குப் போகும். பகலெல்லாம் அப்படி வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை தன் டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, “எமல்ஷன் சரியா வரலையே” என்பார். “அப்போ உங்க ஃபேக்டரிக்கே கொண்டுபோய்க் கலக்கிட்டு வாங்க” என்பாள் அம்மா. ஆச்சி இந்த விவாதத்தில் கலந்துகொள்ள மாட்டாள். கொக்கோவை அவள் வாயில் வைத்ததே இல்லை. “கரிஞ்ச பாலை எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்” என்பது அவள் கட்சி.

உருண்டையைவிடப் பெரிய புகார் ஒன்று இருந்தது. வாடை. கொக்கோ பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும்; அதிலிருக்கிற கொழுப்பின் குணம் அது. கப்பலில் கொக்கோ மூட்டையை நெடியடிக்கும் சரக்கோடு சேர்த்து ஏற்றக் கூடாது என்பது சரக்குக்காரர்களின் விதி. எங்கள் வீட்டிலோ அந்த டப்பா, மூடி சரியாகப் பொருந்தாத நிலையில், சித்தரத்தைக்கும் திப்பிலிக்கும் நடுவே மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியது. டப்பாவின் கடைசிக் கால்பங்குக்கு வரும்போது கொக்கோ என்று நாங்கள் குடித்தது ஏறக்குறைய இனிப்புக் கஷாயம். “என்னம்மா இது, கொக்கோவுல மருந்து வாடை?” என்று அப்பா கேட்பார். அம்மா ஆச்சியைப் பார்ப்பாள். ஆச்சி கூரையைப் பார்ப்பாள். டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றும் தீர்மானம் வருஷா வருஷம் கொண்டுவரப்பட்டு, சாவி வைத்திருந்தவரின் ஆதரவில்லாமல் தோற்றது.

அந்த வாடைக்கு இப்போது விலை 320 ரூபாய். ஜிஎஸ்டி தனி.

போன டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். வளர்ந்த ஊருக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவு அப்படி. பாஸில் ‘வருகையின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று போட்டேன். கமர்ஷியல் ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கஃபே, பெயர் வேண்டாம். மெனு அட்டையில் ‘நீல்கிரி ஹெரிட்டேஜ் ஸ்பைஸ்டு ஹாட் சாக்லேட்’. கீழே சிறிய எழுத்தில் சேர்மானம்: சுக்கு, மிளகு, திப்பிலி, பட்டை, அதிமதுரம். படித்ததும் இடது கை தன்னால் மூக்கருகே போனது.

பலகை ஒன்றின் மேல் மண்குவளை வைத்து, அதன் மேல் அன்னாசிப் பூ ஒன்றை மிதக்கவிட்டு, கலக்குவதற்குக் கரண்டிக்குப் பதில் ஒரு பட்டைத் துண்டைச் செருகிக் கொண்டுவந்தார்கள். “கலக்கிட்டே குடிங்க மேடம், மசாலா அடியில தங்கிரும்” என்றார் பரிமாறிய பையன். ஆச்சி இதைத்தான் ‘மண்டி’ என்பாள். மண்டியை மீதம் வைத்தால் அடி விழும். பக்கத்து மேஜையில் குரங்குக் குல்லா போட்ட ஒரு குடும்பம் நான்கு குவளைகளையும் வரிசையாக அடுக்கி, அன்னாசிப் பூக்களை ஒரே திசைக்குத் திருப்பி, எழுந்து நின்று படமெடுத்தது. எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை யாரும் தொடவில்லை. ஊட்டிக் குளிரில், 92 டிகிரிக் கொதிப்பில் போட்ட பானம் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட வேடிக்கை உண்டு. நாட்டுக்கே எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் செய்து அனுப்பிய தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். எங்கள் கொக்கோ டம்ளருக்கு ஒரு போட்டோ கிடையாது. ஆச்சிக்கே ஒன்றுதான், அதுவும் கல்யாண குரூப்பில் ஓரமாக. டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போனது, தொழிற்சாலை மூடிவிட்டது. இப்போது அதே மலையில் குவளைக்கு நாற்பது படம் எடுக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கிரெய்ன் சரியில்லை என்றிருப்பார்.

ஹெரிட்டேஜ் என்ற சொல்லையும் விட்டுவைக்க முடியவில்லை. கொக்கோ மரம் பூமத்திய ரேகையை ஒட்டி, ஈரமும் வெக்கையும் உள்ள இடத்தில் வளர்வது. ஊட்டியின் ஓர் உறைபனி இரவை அது தாங்காது. கொக்கோ ஒரு காயும் காய்க்காத ஊர்தான் சாக்லேட்டுக்குப் பெயர் போனது. காரணம் எளிது: மரத்தைக் கொல்லும் அதே குளிர், சாக்லேட்டை உறைய வைக்கிறது. ஏசி என்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், உருக்கி ஊற்றித் தட்டில் வைத்தால் தானாகக் கட்டியாகும் ஊர் தென்னிந்தியாவில் எத்தனை இருந்தன? கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். மே மாத மேட்டுப்பாளையத்தில் அது தட்டிலேயே பானம் ஆகிவிடும். ஆக, ஊட்டியின் சாக்லேட் பாரம்பரியம் என்பது தட்பவெப்பத்தின் பாரம்பரியம். ஊட்டி வர்க்கியைச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அந்தக் கஃபேயில் வர்க்கி இல்லை. கேட்டதற்கு க்ரோசான் இருக்கிறது என்றார்கள்.

சாக்லேட்டில் மசாலா சேர்ப்பது புதுப் பைத்தியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ஆதிப் பைத்தியம். மெக்சிகோவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் மாயா, அஸ்டெக் மக்கள் கொக்கோவை மென்று தின்னவில்லை, குடித்தார்கள். சீனி கிடையாது. மிளகாய், வனிலா, மணமுள்ள பூக்கள், சிவப்புக்குச் சாப்ரா விதை. கொக்கோக் கொட்டைதான் அங்கே சில்லறைக் காசு. பணத்தை அரைத்துக் குடித்த மக்கள் என்று சொன்னால் தப்பில்லை. அவர்களுக்கு உயிர் நுரையில் இருந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு மாயா குவளை இருக்கிறது. ஏறக்குறைய 8-ம் நூற்றாண்டு. அதில் ஒரு பெண் நின்றுகொண்டு, கையிலுள்ள பாத்திரத்திலிருந்து தரையிலுள்ள பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து கொக்கோவை ஊற்றுகிறாள். மாவு மில் தெரு முனையில் டீ மாஸ்டர் செய்வது அதைத்தான். நெற்றியில் துண்டு கட்டவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள். மிளகாயைக் குறைத்துச் சீனியைக் கொட்டினார்கள், பட்டையைச் சேர்த்தார்கள். உயரத்திலிருந்து ஊற்றப் பொறுமையில்லாமல், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றும் மரக்கடைசலைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மொலினியோ என்பார்கள், நம் மத்தேதான். மெக்சிகோவின் வீட்டுச் சாக்லேட்டில் இன்றைக்கும் பட்டை உண்டு. அந்தப் பட்டையைப் பெருமளவு இலங்கையிலிருந்து வாங்குகிறார்கள். நம் பக்கத்துப் பட்டை உலகத்தின் மறுகோடியில் கொக்கோவோடு சேர்ந்து நானூறு வருஷம் ஆகிறது. அவர்கள் ஊர் மிளகாய் போர்த்துகீசியக் கப்பலேறி இங்கே வந்து நம் வீட்டுக்கு மருமகளாகி, மிளகையே சமையலறையை விட்டு மருந்து அலமாரிக்கு அனுப்பிவிட்டது. கொக்கோ மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டது.

தங்கிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 1798-ல் ஆங்கிலேயர்கள் கொக்கோக் கன்றுகளைக் கொண்டுவந்து இந்தியாவில் முதன்முதலாக நட்ட இடம் குற்றாலம். ஆம், அருவியும் எண்ணெய்க் குளியலும் உள்ள அதே குற்றாலம். ஆச்சி பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரம். அவளுடைய பாட்டியின் பாட்டி அருவிக்குப் போகிற வழியில் அந்தக் கன்றுகளைப் பார்த்து ‘இது என்ன, காயெல்லாம் தண்டுலேயே காய்க்குது’ என்று சொல்லியிருக்கலாம். அல்லது ஆட்டை அவிழ்த்து விட்டிருக்கலாம். எப்படியோ அது ஊரைப் பிடிக்கவில்லை. கொக்கோ இங்கே தோட்டப் பயிராக நிலைக்க 1965-க்கு மேல் ஆயிற்று. வயநாட்டில் கேட்பரி மாதிரித் தோட்டம் போட்டு, கேரளத்து விவசாயிகள் அதைத் தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே ஊடுபயிராக வைத்தார்கள். 1980 வாக்கில் விலை விழுந்தது. வைத்த கையாலேயே வெட்டினார்கள். மங்களூர் காம்ப்கோ கூட்டுறவு உள்ளே வந்து கொள்முதல் செய்து, 1986-ல் புத்தூரில் சாக்லேட் தொழிற்சாலையே கட்டியது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் இப்போது நிழலுக்கு நிழல் கொக்கோதான். ஊட்டியிலிருந்து பார்த்தால் மலையிறங்கிக் கொஞ்ச தூரம். கஃபே மெனுவில் அதைப் போட்டிருந்தால் உண்மையாகவும் இருந்திருக்கும், இன்னும் ஐம்பது ரூபாய் கூட்டியும் இருக்கலாம்.

என் மகள் சென்னையில் இருக்கிறாள். அவளுக்கும் குளிர்காலம் உண்டு. மார்கழியில் ராத்திரி 22 டிகிரி. அது போதாதென்று ஏசியை 18-ல் வைத்து, ஜன்னலைச் சாத்தி, நான் ஊட்டியிலிருந்து வாங்கி வந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, “விண்டர் ஈவினிங்மா” என்றாள். குளிருக்குக் கரன்ட் பில் கட்டுகிற தலைமுறை. நாங்கள் அதைத் துரத்த விறகுக்குக் கொடுத்தோம். எப்படியும் கொடுத்துத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

ஹாட் சாக்லேட் போட்டுத் தருகிறேன் என்று மேடையைச் சுத்தம் செய்து சாமான்களை அடுக்கினாள். டிஜிட்டல் தராசு. 70 சதவீத டார்க் சாக்லேட், 25 கிராம். கொக்கோத்தூள் ஒரு பெரிய கரண்டி. கொழுப்பெடுக்காத பால் 200 மில்லி. கருப்பட்டி, உடன்குடி என்று ஒட்டியிருந்த அட்டைப் பெட்டியில் சின்னச் சின்னக் கட்டிகளாக. இலங்கைப் பட்டை ஒரு சுருள். மிளகு, திப்பிலி, ஒரு சிட்டிகை வற்றல் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு. ஒவ்வொன்றையும் கிண்ணத்தில் போட்டு வரிசையாக வைத்ததில் ஆச்சியின் அலமாரியே சுவரிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. பூட்டு மட்டும் இல்லை.

இஞ்சியை எடுத்துத் துருவப் போனாள். “சுக்கு இல்லையா?” என்றேன். “ஃப்ரெஷ்ஷா இருந்தாத்தானேம்மா நல்லது. ஆனா போன தடவை பால் திரிஞ்சு போச்சு. பாக்கெட்டே சரியில்ல” என்றாள். பாக்கெட் மேல் பழியில்லை. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் பட்டால் திரட்டிவிடும். சீனாவின் தெற்கில் இதை வைத்தே இஞ்சிப் பால்கட்டி செய்து பலகாரமாகச் சாப்பிடுகிறார்கள். இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் நொதி செத்துப்போகும். சுக்கில் அந்த வேகம் இருக்காது. பாலுக்குச் சுக்கு, மோருக்கு இஞ்சி என்று ஆச்சி காரணம் சொல்லாமல் சட்டம் மட்டும் போட்டு வைத்திருந்தாள். கருப்பட்டியையும் பாலோடு கொதிக்க விடமாட்டாள். தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்ப்பாள். இதையும் சொன்னேன். மகள் போனை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, “ஆமாம்மா, கரெக்ட்தான்” என்றாள். ஆச்சிக்கு இப்படியொரு சான்றிதழ் கிடைக்க ஐம்பது வருஷம் ஆயிற்று.

அடுத்து அவள் செய்ததைத்தான் கவனித்துப் பார்த்தேன். கொக்கோத்தூளைப் பாலில் தூவவில்லை. சின்ன வாணலியில் தூளையும் உப்பையும் போட்டு, இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு, மரக்கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இழைத்தாள். முதலில் அது திரைதிரையாக விலகியது, பிறகு சட்டென்று ஒத்துக்கொண்டு பளபளவென்று விழுதானது. கொக்கோத்தூளில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கொழுப்பு இருக்கும். 1828-ல் ஹாலந்தில் வான் ஹூட்டன் இயந்திரத்தில் நசுக்கி வெண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகும் தங்கிவிட்ட மிச்சம் அது. அதனால் தூள் சட்டென்று நனையாது. பாலின் மேல் கொட்டினால் வெளிப்பக்கம் நனைந்து தோலாகி, உள்ளே தூளைப் பூட்டிவிடும். நாங்கள் சண்டைபோட்ட உருண்டையின் முழு வரலாறு இதுதான். விழுதின் மேல் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இடித்த பட்டை, மிளகு, திப்பிலி, சுக்கைப் போட்டு, பொங்கவிடாமல் சிறு தீயில் வைத்தாள். கொக்கோவிலுள்ள மாவுச்சத்து சூட்டில் ஊதி, பால் மெல்லக் குழைந்தது. கடைசியில் சாக்லேட், கரைத்து வடித்த கருப்பட்டி, மிளகாய். வடிகட்டினாள். ஓர் உருண்டை இல்லை. அப்பாவின் எமல்ஷன் கடைசியில் அவர் பேத்தி கையில் சரியாக வந்தது.

நுரைக்க, பேட்டரியில் ஓடும் ஒரு குச்சியை எடுத்தாள். அதில் பேட்டரி இல்லை. டபரா டம்ளரை வாங்கி நான் தூக்கி ஆற்றினேன். கை உயர உயர நுரை ஏறி விளிம்பில் நின்றது. பிரின்ஸ்டன் குவளையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்; உடனே படம் எடுக்க வேண்டும், இன்னொரு தரம் ஆற்று என்றாள். சூடு போய்விடும் என்றேன். ஏசியை 24-க்கு ஏற்றினாள்.

நன்றாக இருந்தது. அம்மா போட்டதைவிட நன்றாக இருந்தது என்று எழுதுவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அந்தக் காலத்துக் கொக்கோ போல வருமா என்று உருகுகிறவர்கள் தண்ணீர்ப்பாலை மறந்தவர்கள். மசாலாவும் கஷாயத்தில் அறைந்ததுபோல இதில் அறையவில்லை. மிளகின் காரமும் மிளகாயின் காரமும் தண்ணீரில் கரைவதைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். பாலின் புரதம் அந்தக் காரத்தை நாக்கிலிருந்து வழித்துக்கொண்டு போகும். சுக்குத் தண்ணீரில் முரடாக இருந்த அதே திப்பிலி, இங்கே கொழுத்த பாலில் மெதுவாக வந்து, விழுங்கிய பிறகுதான் தான் இருந்ததைச் சொன்னது. ஆச்சி ஒரு கை பாலும் ஒரு கட்டிக் கருப்பட்டியும் கஷாயத்தில் சேர்த்திருந்தால் எங்கள் பிள்ளைப்பருவம் வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் கசந்தால்தான் மருந்து என்பது அவள் வேதம்.

இனித்தால்தான் சத்து என்பது எங்கள் காலத்து வேதமாயிற்று. இதே மகளுக்கு 1990-களில் நான் தினமும் போன்விட்டா கலந்து கொடுத்தேன். குடித்தால் வளர்வாள், க்விஸ்ஸில் ஜெயிப்பாள் என்றே டிவி சொன்னது. இவள் ஐந்தடி இரண்டங்குலத்தில் நின்றுவிட்டாள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைன் கடைகள் போன்விட்டா உள்ளிட்டவற்றை ‘ஹெல்த் ட்ரிங்க்’ என்ற வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அப்படி ஓர் இனமே சட்டத்தில் இல்லையாம். செய்தியை எனக்கு அனுப்பியது மகள்தான். கீழே ஒரு கேள்விக்குறி மட்டும்.

அதே வருஷம் கொக்கோ விலையும் மலையேறியது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டும் கானாவும் தருகின்றன. அங்கே மழை பிசகி, மரத்துக்கு நோயும் வர, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. அஸ்டெக்குகள் சரியாகத்தான் அதைக் காசாக வைத்திருந்தார்கள். பிறகு இறங்கியது. கஃபே மெனுவுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

மகள் இப்போது இதை வியாபாரமாகவே ஆக்கியிருக்கிறாள். கொக்கோத்தூள், கருப்பட்டிப் பொடி, சுக்கு, மிளகு, திப்பிலி, பட்டை எல்லாம் கலந்து கண்ணாடி ஜாடியில் அடைத்து, கழுத்தில் சணல் கயிறு கட்டி, கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை அபார்ட்மென்ட்டில் விற்கிறாள். 250 கிராம் 650 ரூபாய். லேபிளில் தங்க எழுத்து: ‘ஆச்சிஸ் ஊட்டி கொக்கோ, ரெசிபி சின்ஸ் 1974’. ஆச்சி கொக்கோவைத் தொட்டதே இல்லை, கரிஞ்ச பால் என்றுதான் சொன்னாள் என்றேன். “அது யாருக்கும்மா தெரியப் போகுது? மசாலா ஆச்சியோடதுதானே” என்றாள். யோசித்தால் அதுவும் சரிதான். கலந்தது அலமாரி, பெயர் ஆச்சிக்கு. என் தம்பி பெங்களூரிலிருந்து ஆறு ஜாடி ஆர்டர் கொடுத்திருக்கிறான், உருண்டை வருமா என்று கேட்டுக்கொண்டு. வராது, நன்றாகக் கரையும் என்று இவள் பதில் போட்டாள். அவன் மூன்றாகக் குறைத்துக்கொண்டான்.